உப்பு என்று சொன்னார்கள்

மஸ்கட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே நான் ஒரு வயதானவரின் துணிமணிகள் அத்தனையையும் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டேன். வீட்டு எஜமானி முந்தின நாள் மாலை என்னிடம் "புக்ரா பாபா கஸீல்" என்று சொல்லியிருந்தார். புக்ரா என்றால் நாளை. பாபா என்பது அவருடைய அப்பா, எண்பதை நெருங்கியவர். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வரவழைத்திருந்தார்கள். கஸீல் என்றால் கழுவுவது, துவைப்பது என்று ஏஜென்ட் எனக்கு எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது. நாளைக்குப் பாபாவின் துணிகளைத் துவைக்க வேண்டும் போலிருக்கிறது என்று விடிந்ததும் எழுந்து, அலமாரியில் இருந்த வெள்ளை அங்கிகள் எல்லாவற்றையும், இங்கே திஷ்தாஷா என்பார்கள், எடுத்து நனைத்துவிட்டேன். பூவேலை செய்த குல்லாக்களையும் விடவில்லை. ஏழு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றபோது போட்டுக்கொள்ள உலர்ந்த துணி ஒன்றுகூட இல்லாமல் பாபா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எஜமானி தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசியில் மருமகனின் அங்கியைப் போட்டுவிட்டோம். அது தரையில் புரண்டது. பாபா அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி கல்யாணப்பெண் மாதிரி நடந்து காட்டிச் சிரித்தார். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அந்த வீட்டில் கஸீல் என்றால் துணி துவைப்பது அல்ல, ரத்தத்தைக் கழுவுவது. ஞாயிறு, செவ்வாய், வியாழன் என்று வாரத்தில் மூன்று நாள் பாபாவுக்கு டயாலிசிஸ்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பத்தாவது வரை படித்தேன், அதனால் எழுத வரும். இதைப் படிக்கிறவர் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக்காரராக இருக்கலாம். என்னைப்போல் ஏதோ ஒரு தேசத்தில், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் படுத்திருப்பவராகவும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கணவர் போன பிறகு கோட்டக்குப்பத்துக்காரம்மா ஒருவர் மூலமாக இங்கே வந்தேன். இங்கே எஜமானியை "மாமா" என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு பொம்பளையை மாமா என்று கூப்பிட எனக்குப் பத்து நாள் நாக்கு எழவில்லை. குழப்பம் வேண்டாமென்று இனி மேடம் என்றே எழுதுகிறேன். மேடம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நல்லவர், அவசரக்காரர். பாபாவுக்கு என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்பதைக் கையைக் காட்டியே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று ஒரு பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். உருளைக்கிழங்கை நறுக்கி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். வாழைப்பழம் மாஃபி, பேரீச்சம்பழம் மாஃபி, இளநீர் மாஃபி. மாஃபி என்றால் கிடையாது. இதெல்லாம் பணக்கார வீட்டுக் கிழவருக்கான சட்டதிட்டம் என்று நினைத்துக்கொண்டேனே தவிர, ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

டயாலிசிஸ் நடக்கும் நாலு மணி நேரமும் பாபாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஊசி குத்திய கையை அவர் தூக்கத்தில் மடக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பின்சி என்ற மலையாள நர்ஸ் போகும்போதும் வரும்போதும் "சேச்சி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாள். அந்த நேரத்தில்தான் ஊருக்கு போன் செய்வேன்.

எங்கள் வீடு திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், பெருமுக்கல் தாண்டி உள்ளே இருக்கிறது. எங்களுக்கு நிலம் கிடையாது. அம்மா அடுத்தவர் கொல்லையில் களை எடுத்தார், அப்பா மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்தார். விடியும் முன்பே சைக்கிளில் போய், வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிப்பார். நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போது அவர் காலைத் தேய்த்து விடச் சொல்வார். குதிகால் வெடிப்புகளுக்குள் வெள்ளை வெள்ளையாக இருக்கும். அம்மா இறந்துவிட்டார். இப்போது அப்பா என் தம்பி குமாரோடும் அவன் மனைவி மேகலாவோடும் இருக்கிறார். தம்பி லோடு வண்டி ஓட்டுகிறவன், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டான். அதனால் அப்பாவைப் பார்த்துக்கொள்வது என்றால் அது மேகலாதான். மல்லாட்டை, நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், உடைக்கக் கூலிக்கும் போவாள்.

போன வருடம் ஒருநாள் மேகலா போனில் சொன்னாள்: "அண்ணி, மாமாவுக்கு காலு வீங்கிக்கினு வந்துது. திண்டிவனம் இட்டுக்கினு போனோம். ரத்தம் டெஸ்ட் எடுத்துட்டு, உப்பு ஏறிக்கிதுன்னு சொல்றாங்க."

"உப்பா? அப்போ கருவாடு குடுக்காத. ஊறுகா குடுக்காத. கொழம்புல உப்பே போடாத."

"ஏற்கெனவே கொறச்சிட்டேன் அண்ணி. தட்ட தள்ளி வுட்டுட்டு எழுந்து போறாரு."

பக்கத்திலிருந்து அப்பா போனை வாங்கினார். "ஆயுசு பூரா உப்புத் தண்ணில கால வச்சிக்கினு நின்னேன் இல்ல, அது வழியா ஏறிக்கினு கீது. சாப்பாட்டுல இன்னா வந்துது? உன் தம்பி பொண்டாட்டி கூழுல கூட உப்பு போடமாட்டேன்றா. சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாரி கீது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொன்னதும் சரியென்றே பட்டது. உப்பு தண்ணீரில் கரையும் பொருள்தானே, நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரில் கரைந்து போய்விடும் என்று நானாக ஒரு வைத்தியம் சொன்னேன். "நல்லா தண்ணி குடிப்பா. தெனமும் ஒரு எளநி வாங்கிக் குடு மேகலா." இதைச் சொல்லிக்கொண்டே, பாபாவின் பாட்டிலில் தண்ணீர் கோட்டைத் தாண்டுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த இரண்டு விஷயமும் எனக்கு இரண்டு தேசத்து விஷயமாகத்தான் இருந்தன.

மாதங்கள் போயின. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே தூங்குகிறார் என்றாள் மேகலா. தண்ணீர் குடிக்கிறாரா என்று கேட்டேன். குடிக்கிறார் என்றாள். ஒரு வியாழக்கிழமை, புதிதாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை போட்டோ பிடித்து அனுப்பினாள். பாபாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டினேன், புரியவில்லை. பின்சியிடம் காட்டினேன்.

அவள் பார்த்துவிட்டு, "இது ஆருடெ சேச்சி?" என்றாள்.

"எங்கப்பாது. அவருக்கு உப்பு ஜாஸ்தியாம்."

"உப்போ?" அவள் இன்னொருமுறை பார்த்தாள். பிறகு என் தோளில் கைவைத்து, பாபாவின் மிஷினைக் காட்டினாள். "உப்பல்ல சேச்சி. கிட்னியாணு. இதுதன்னெ. சேம்."

முதலில் அவள் என்ன சொல்கிறாள் என்றே விளங்கவில்லை. பாபாவைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்து, "ஆமா, பாபாவுக்கு கிட்னி" என்றேன். அவள் என் போனைக் காட்டினாள், மிஷினைக் காட்டினாள், மறுபடி என் போனைக் காட்டினாள். பதினான்கு மாதம் அந்த நோய்க்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். எனக்கு அதன் பேர் இங்கே கஸீல், ஊரில் உப்பு. இரண்டும் ஒன்றென்று தெரியவில்லை.

மேடத்திடம் அழுதுகொண்டே சொன்னேன். எனக்குத் தெரிந்த அரபியில் "என் பாபாவுக்கும் கஸீல்" என்றேன். அவர், அப்பா இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இறந்தவரைக் குளிப்பாட்டுவதற்கும் இங்கே அந்த வார்த்தைதான். விளங்கவைத்த பிறகு மூன்று மாத விடுப்பு கொடுத்தார்.

ஊருக்குப் போய் அப்பாவை அழைத்துக்கொண்டு போன விழுப்புரத்து ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே இருந்த யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காலையிலேயே வராந்தா முழுக்க ஆட்கள். செஞ்சிப் பக்கத்திலிருந்து, வானூரிலிருந்து, முதல் பஸ் பிடித்து வந்தவர்கள். மஸ்கட்டில் பாபாவின் பெயரை ஒரு பெண் மெதுவாக வந்து காதருகே கூப்பிடுவாள். விழுப்புரத்தில் கூப்பிடுகிறவரின் தொண்டை பத்து மணிக்கே கட்டிப்போயிருந்தது. உள்ளே இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். டீ டம்ளர் ஆடை கட்டி மேஜையில் அப்படியே இருந்தது.

"எவ்ளோ நாளா உப்பு இருக்குன்னு சொன்னாங்கம்மா?"

"ஒரு வருசமா சார்."

"என்ன பண்ணீங்க?"

"சாப்பாட்டுல உப்ப கொறச்சோம் சார். தண்ணி நெறைய குடுத்தோம். தெனமும் எளநி."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எளநியா? யாரு சொன்னது?"

மேகலா குனிந்துகொண்டாள். "நான்தான் சார்" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "இது ரொம்ப நாளா கவனிக்காம விட்ட சர்க்கரை வியாதியால வந்தது. எளநியாலதான் வந்துதுன்னு நெனச்சு அழுவாதீங்க. ஆனா கிட்னி கெட்டவங்களுக்கு எளநி ஆபத்து, தண்ணியும் அளவுதான்" என்றார். கதவைப் பார்த்தார். வெளியே கூட்டம் தெரிந்தது. "கிரியேட்டினின்னு சொன்னா யாருக்கும் புரியறதில்ல. உப்புன்னா டக்குனு தலையாட்டுறாங்க. புரிஞ்சிடுச்சுன்னு நாங்களும் அடுத்த ஆளைக் கூப்பிடுறோம். ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷந்தான்மா கெடைக்குது." அவருக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது.

டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும் என்றதும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பஸ் கிளம்பிய பிறகு சொன்னார்: "மிஷின் வச்சா ஆளு முடிஞ்சான்னு அர்த்தம். எனக்கு வாணாம். அங்க உன் சேக்கு பணக்காரன், அவனுக்கு எல்லாம் நடக்கும்."

"அவரு சேக்கு இல்லப்பா. சும்மா ஒரு பெரியவரு. ஆறு வருசமா பண்ணிக்கினு கீறாரு. என்னையே வெரட்டுவாரு."

"யாரு என்ன இட்டுக்கினு போறது? நீ மூணு மாசத்துல போயிடுவ. மேகலா மல்லாட்டை ஒடைக்கப் போவாளா, என்னத் தூக்கிக்கினு அலைவாளா?"

முன் சீட்டில் இருந்த மேகலா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நான் வரமாட்டேன்னு யாருனா சொன்னாங்களா? கூழுல உப்பு இல்லன்னு ஊரு பூரா என் மானத்த வாங்குனவருதான, இப்ப மட்டும் என்மேல கரிசனம்." அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று இரண்டு பேரும் வாங்கிய பேச்சில் நான் வாங்கவேண்டியதும் இருந்தது என்று எனக்குத் தெரியும். போனில் வைத்தியம் சொன்னவள் நான். உப்பில்லாமல் சமைத்துத் திட்டு வாங்கியவள் அவள்.

நிலையான இடம் உடனே கிடைக்கவில்லை. மிஷின்கள் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. அப்பாவின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, யாராவது வராத நாளில் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிட்டால் உடனே கிளம்பி ஓடவேண்டும். ஒருமுறை நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த நோயாளியே வந்துவிட்டார். பஸ் கிடைக்காமல் தாமதமாகிவிட்டதாம். திரும்பி வந்தோம். மூச்சு முட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்பா பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, பாபாவுக்காக வாசலில் வந்து நிற்கும் கார் ஞாபகம் வந்தது. அவர்மேல் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபத்தை நினைத்து வெட்கமும் வந்தது. மறுநாள் நோட்டு வைத்திருந்த சிஸ்டரிடம் தனியாகப் போய், வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "சிஸ்டர், எப்பதான் எங்களுக்குனு ஒரு எடம் காலியாவும்?"

அவர் ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "இந்த வார்டுல எடம் காலியாவறதுன்னா இன்னான்னு தெரிஞ்சிக்கினுதான் கேக்கறியாம்மா?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் ராத்திரியும் பகலும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

மூன்றாவது வாரம் போன் வந்தது. திங்கள், வியாழன், காலை ஷிஃப்ட், நாளையிலிருந்து வாருங்கள் என்றார்கள். வாரத்துக்கு இரண்டு நாள்தான் கொடுக்கமுடியும், அதற்குமேல் இடமில்லை என்றார்கள். அப்பாவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனோம். ஜன்னலோரக் கட்டில். அப்பா அதில் உட்காராமல் நின்றுகொண்டே சிஸ்டரைக் கேட்டார்: "யாரு எடம்மா இது?"

"இப்போ உங்க எடந்தான் பெரியவரே, படுங்க."

"நேத்து யாருது?"

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சிஸ்டர் கொஞ்சம் தயங்கினார். "மயிலத்துக்காரரு. டெய்லர் வேலை. நாலு வருசமா வந்துக்கினு இருந்தாரு. ஒருநாள் மிஸ் பண்ணமாட்டாரு."

அப்பா கட்டிலில் ஏறிப் படுத்தார். எனக்கு ஆச்சரியம். வீட்டுக்கு வரும் வழியில் அவராகவே பேசினார். உப்பளத்தில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தாலோ, செத்துப்போனாலோ, அவன் பாத்தியை அப்படியே விட்டுவிட மாட்டார்களாம். விட்டால் உப்பு பாறையாக இறுகித் தரையே கெட்டுவிடும். பக்கத்துப் பாத்திக்காரன் தன்னுடையதை வாரி முடித்துவிட்டு அதையும் வாரவேண்டும். "அவன் நாலு வருசம் வுடாம வச்சிருந்த எடம். அதுல ஏறிப் படுத்துட்டு அடுத்த வாரம் நான் போவலன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். நான் மூன்று வாரம் அழுது சொல்லி நடக்காதது, பார்த்தே இராத ஒரு டெய்லரால் நடந்தது.

அதன் பிறகு அப்பா ஒருநாளும் தவறவில்லை. டயாலிசிஸ் ஊசி குத்த வாகாகக் கையில் ரத்தக்குழாய் ஆபரேஷனும் செய்துகொண்டார். உப்பு கால் வழியாகத்தான் ஏறியது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் வீட்டில் ஒரு பாட்டிலில் கோடு போட்டேன். உருளைக்கிழங்கை ஊறவைக்க மேகலாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "இதெல்லாம் போன வருசமே தெரியுமா அண்ணி உங்களுக்கு?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டாள். தெரியும் என்றேன். அவள் கிழங்கை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

வார்டில் கூட வருகிறவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒருவர் டீக்குப் போனால் பக்கத்துக் கட்டிலையும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார். கிளியனூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், கணவருக்காக வருகிறவர், மேகலாவுக்கு வேலை உள்ள திங்கட்கிழமைகளில் அப்பாவையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பதிலுக்கு வியாழக்கிழமை மேகலா அவர் கணவரைப் பார்த்துக்கொள்வாள். மஸ்கட்டில் பாபாவுக்கு எல்லாம் இருக்கிறது, பக்கத்துக் கட்டில்காரரின் பெயர் மட்டும் தெரியாது. இது பெரியது, அது சின்னது என்று நான் சொல்லவரவில்லை. வாரத்துக்கு மூன்று தடவையும் வேண்டும், பக்கத்துக் கட்டிலும் வேண்டும். இரண்டையும் ஒரே ஊரில் வைத்துக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

விடுப்பு முடிந்தது. போகவேண்டாம் என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் இருந்திருப்பேன். யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் நான் அனுப்புவது வேண்டியிருந்தது, எனக்கும் அது தெரியும். அப்பா மட்டும், "அந்தப் பெரியவருக்கு இத்தினி நாளா யாரு கைய புடிச்சிக்கினு இருந்தாங்களோ. ஜல்தியா போ" என்றார்.

இப்போது வியாழக்கிழமைகளில் அங்கேயும் இங்கேயும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. போன வியாழன் மேகலா வீடியோவில் கூப்பிட்டாள். அப்பா முகம் தெரிந்தது, வற்றி இருந்தாலும் தெளிவாக இருந்தது. பாபா எட்டிப் பார்த்து, "அபூக்?" என்றார். உன் அப்பாவா என்று கேட்கிறார். ஆமாம் என்றேன். பாபா சும்மா இருந்த கையைத் தூக்கி சலாம் சொன்னார்.

"இன்னா சொல்றாரு?" என்றார் அப்பா.

"வணக்கம் சொல்றாருப்பா."

"அவருக்கு எவ்ளோ தண்ணி குடுக்கற?"

"உனக்குக் குடுக்கறதுதான்."

"அப்ப அவருக்கும் பேஜாருதான்னு சொல்லு."

பேஜாருக்கு அரபி எனக்குத் தெரியவில்லை. "தஅபான்" என்றேன். களைப்பு என்று அர்த்தம். பாபா ரொம்ப நாள் பழகியவர் மாதிரி போனைப் பார்த்துத் தலையாட்டினார்.

அப்போது மிஷின் கத்தியது. போனை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தேன். பாபாவின் கை மடங்கியிருக்கும் என்று முழங்கையைப் பிடித்து நீட்டினேன். மடங்கவில்லை. மிஷினைப் பார்த்தேன், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. அந்தக் கோடியிலிருந்து பின்சி, "சேச்சி, இவிடெ அல்ல" என்றாள். நாற்காலியில் மல்லாந்து கிடந்த போனிலிருந்துதான் சத்தம் வந்துகொண்டிருந்தது. திரையில் மேகலாவின் புடவைத் தோளும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன. யாரோ செருப்புச் சத்தத்தோடு ஓடிவந்தார்கள். "ஒண்ணுமில்ல, கைய மடக்கிட்டாரு, நீட்டிப் புடி" என்று சிஸ்டரின் குரல் கேட்டது. சத்தம் நின்றது. பாபா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவர் கையை மடங்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.